தலையில்லாமல் டூட்டி பார்த்தவர்

தென்காசிப் பக்கம் குடியிருப்பவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆடி மாதத்தில் போய், துவைத்த துணி காய்ந்ததா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

நான் பிறந்தது விளாத்திகுளம் பக்கம். அங்கே துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். பத்தாவது வரை படித்தேன். தென்மேற்குப் பருவக்காற்றைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்கு முழுப்பக்கம் எழுதியவள். ஆனால் அது வீசும்போது துணி காயாது என்று அந்தப் புத்தகத்தில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் போலீஸ்காரர். தென்காசிக்கு மாற்றலாகி மேலகரத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். வந்தது சித்திரையில். குற்றாலத்து அருவிப் பாறை காய்ந்து, குரங்குகள்கூட நிழல் தேடி உட்கார்ந்திருந்த நேரம். சேலையின் ஒரு முனையைக் கொடியில் போட்டு மறுமுனையை இழுப்பதற்குள் முதல் முனை உலர்ந்திருக்கும். நம்ம ஊர் மாதிரிதான் என்று நம்பிவிட்டேன்.

ஆனி பிறந்ததும் மேற்கே மலை காணாமல் போனது. பிறகு சாரல். அது மழையும் இல்லை, மழை இல்லாமலும் இல்லை. கொஞ்சம் வெயில் காட்டும். நம்பித் துணியைப் போட்டதும் தூவும். (ஊர் உலகமெல்லாம் சீசன் என்று குளிக்க வருகிறது. வந்தவர்கள் ஈரத்துணியைப் பையில் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். நாங்கள் எங்கே போவது?) தீப்பெட்டி நமத்தது. அப்பளம் நமத்தது. அவருடைய பெல்ட்டில் பூசணம் பூத்தது.

அந்த வருஷம் சுதந்திர தின அணிவகுப்பில் அவர் பெயரும் இருந்தது. இருந்த இரண்டு செட் காக்கியில் ஒன்றில் பூசணப் புள்ளி விழுந்துவிட்டது. நல்லது ஒன்றுதான். புது இடம், பெரிய அதிகாரி முன்னால் என் வீட்டுக்காரர் பளிச்சென்று நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவரிடம் கேட்காமலே துவைத்து, சோற்றுக் கஞ்சியில் முக்கி, கொடியில் போட்டேன். மூன்று நாள் ஆகியும் காயவில்லை. பழைய சோற்று வாடை வந்தது. மறுநாள் காலையில் அணிவகுப்பு.

அடுத்த வீட்டுச் செண்பகம் அக்கா வந்து முகர்ந்து பார்த்தாள்.

“ஏட்டி, சாரல்ல எவளாச்சும் காக்கிக்குக் கஞ்சி போடுவாளா? ரெண்டு வெங்காயத்த உரிச்சி சட்டப் பையில வச்சி விடு. பரேடுக்குப் போற வழியில சாப்புட்டுக்கிடட்டும்.”

“விளையாடாதியக்கா. நாளைக்கு இதத்தான் போடணும்.”

“இங்கன காயாது. பாவூர்சத்திரம் தாண்டி ஆலங்குளத்துக்குக் கொண்டு போ. அங்கன வெயிலு கொளுத்துது.”

அக்கா சொன்னது கேலிக்கு. நான் அதை யோசனை என்று எடுத்துக்கொண்டேன். (இஸ்திரி போட்டே காயவைத்திருக்கலாமே என்பீர்கள். காற்றில் கம்பி அறுந்து காலையிலிருந்து கரண்ட் இல்லை.) அவர் பூசணப் புள்ளிக் காக்கியோடு அருவிக்கரையில் சீசன் டூட்டிக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று ஈரக்காக்கியை வயர்கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கூடை சொட்டி, பக்கத்து சீட்டு அம்மாளின் காலை நனைத்தது. “மீனா?” என்று கேட்டார். “ஆமா” என்று சொல்லிவிட்டேன். (கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு விளக்கம் சொல்வதைவிட ஒத்துக்கொள்வது சுலபம்.)

பாவூர்சத்திரம் தாண்டியதும் கோடு போட்டாற்போல் வானம் வெளுத்தது. ஆலங்குளத்துக்கு முன்னால், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இறங்கினேன். சாலையோரம் வேலிக்கு நட்ட கல்தூண் ஒன்று நின்றது. ஒரு கம்பைச் சட்டையின் இரண்டு கைகளுக்குள்ளும் நுழைத்து, கம்பைத் தூணில் கட்டினேன். பேண்டைப் பக்கத்துச் செடிமேல் விரித்தேன். யாராவது பார்த்து ஏதாவது கேட்டுவிட்டால்? கொஞ்சம் தள்ளி ஓர் உடைமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

சாரல்தான் இல்லையே தவிர, ஆடிக்காற்று அங்கே ஆளைத் தள்ளியது. சட்டை உப்பியது. அரை மணி நேரத்தில் கஞ்சி இறுகி, கைகள் இரண்டையும் நீட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. உள்ளே என் வீட்டுக்காரரே இருந்தாலும் அவ்வளவு விறைப்பாக நின்றிருக்க மாட்டார்.

பைக்கில் வந்த ஒருவர் தூரத்திலேயே நிறுத்தி, டேங்க் மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். இன்னொரு வண்டியில் வந்த மூன்று பேரில் ஒருவர் இறங்கி, சம்பந்தமே இல்லாதவர் போல் நடந்தார். ஒருவர் வந்த வழியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஆலங்குளத்துக்காரர்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அப்புறம் காய்கறி ஏற்றிய மினி லாரி ஒன்று ஓரமாக நின்றது. டிரைவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தூண் வரைக்கும் வந்தார்.

“ஐயா, இன்சூரன்ஸ் நேத்துதான் முடிஞ்சுது. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிருதேன்யா.”

சட்டை ஒன்றும் சொல்லவில்லை. அவர் மெதுவாக நிமிர்ந்தார்.

“தலையக் காணும்?” என்றார்.

நான் எழுந்து போகவேண்டியதாயிற்று. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வருவதைப் பார்த்ததும் மனிதர் இரண்டடி பின்னால் போனார்.

“யாருக்கா இது?”

பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். “எங்க வீட்டுக்காரரு.”

அவர் சட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சோறு ஒழுங்காப் போடுதியளா? ஆளு ரொம்ப மெலிஞ்சிட்டாவளே.”

நடந்ததைத் திக்கித்திக்கிச் சொன்னேன். பாதியிலேயே அவர் என் முதுகுக்குப் பின்னால் கைகாட்டினார். “யக்கா, அவுக கால ஆடு திங்குது.”

கஞ்சி ருசியில் இரண்டு ஆடுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. பேண்டைப் பிடுங்கியபோது ஒரு காலின் அடியில் நாலு விரல் அகலத்துக்குத் துணி இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அழுகையாக வந்தது. வீட்டுக்குள் நுழைந்தால் அவர் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். கூடையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

“ஆலங்குளத்துல இன்னைக்கு நான் எத்தன வண்டிய நிறுத்துனேன்?” என்று கேட்டார்.

காய்கறி லாரி எனக்கு முன்பே தென்காசி வந்து, டீக்கடையில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டிருந்தது.

பேண்டைக் கையில் கொடுத்தேன். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“மூணு நாளா காயலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“ஏசுவியளோன்னு பயந்தேன்.”

“ஏசுனா காஞ்சிருமா?”

அவ்வளவுதான் சொன்னார். பேண்டை எடுத்துக்கொண்டு போய் டெய்லரிடம் இரண்டு காலையும் சமமாக வெட்டி அடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மைதானத்தில் கொடி ஏறிக்கொண்டிருக்கும்போதே சாரல் இறங்கி, நின்ற அத்தனை பேரையும் நனைத்துவிட்டது. என் கஞ்சி கரைந்து, ‘யாரு வீட்லயோ சோறு வடிக்காவ’ என்று பக்கத்தில் நின்றவர் முணுமுணுத்தாராம். வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்த அதிகாரி, இவருடைய கணுக்கால் தெரிவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“பேண்ட் என்னாச்சு?”

“ஆடு தின்னுட்டு, ஐயா.”

அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாராம்.

இப்போது என் வீட்டுக்காரர் ஏட்டாகிவிட்டார். நானும் தேறிவிட்டேன். கனமானதையெல்லாம் சித்திரையிலேயே துவைத்து முடித்துவிடுவேன். ஐப்பசி மழையோடு எனக்குச் சண்டை இல்லை. அது இடித்துச் சொல்லிவிட்டு வரும். ஆனால் ஆடியில் காக்கி துவைக்காமல் இருக்க முடியுமா? வீட்டுக்குள்ளேயே கொடி கட்டித் தொங்கவிடுகிறோம். அந்த நேரத்தில் யாராவது அவரைத் தேடி வந்தால், என் மகள் வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்க்கிறாள்.

“எந்த அப்பா வேணும்? ஒருத்தரு டூட்டிக்குப் போயிருக்காவ. இன்னொருத்தரு இங்கன தொங்குதாவ, இன்னும் காயல.”