ஒரு மணி நேர வேலை

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே தாயும் சேயும் சுகம், உங்கள் மாமியார் சுகம், நானும் ஒருமாதிரி சுகம். கடலில் நீங்களும் நீங்கள் பார்த்துக்கொள்ளும் கப்பல் இஞ்சினும் அவ்வாறே என்று நம்புகிறேன். பெண் குழந்தை பிறந்த சேதி கப்பலுக்கு வந்துவிட்டதாகக் கம்பெனியில் சொன்னார்கள். "அவளையும் குழந்தையையும் நம்ம கார்லயே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க மாமா" என்று போன தடவை கப்பலுக்குக் கிளம்பும்போது கண் கலங்கிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது. ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில், ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோமே என்று முதல் தடவையாக உங்கள் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினேன், மூச்! நாலு பேரைப் பிடித்து, தெருமுனை ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே இருக்கும் மெக்கானிக்குக்கு 'இதோ' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் இதோ முடிஞ்சிடும் என்பார். மாப்பிள்ளை சீட்டில் கிரீஸ் படக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நானே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக் காதைக் கொடுத்தார். ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, மாற்ற ஒரு மணி நேரம் என்றார். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் டைம்டேபிள் போட்டவன் நான். உடனே டைரியில் 10.15 முதல் 11.15 வரை என்று எழுதிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

11.15க்கு அவர் இன்னும் அந்த மோட்டாரைக் கண்ணாலேயே பார்க்கவில்லை, ஏனென்றால் அது இஞ்சினுக்குப் பின்னால் அடியில் ஒளிந்துகொண்டிருக்கிறதாம் (உங்களுக்குத் தெரியும், எனக்கு யார் சொன்னார்கள்?), கையை விட்டுத் தடவியதில் ஒரு போல்ட் வந்தது, இன்னொன்று வரமாட்டேன் என்று அடம் பிடித்தது, எண்ணெய் விட்டிருக்கிறேன் ஊறட்டும் என்று சாப்பிடப் போனவர் நாலு மணிக்குத்தான் திரும்பினார், போல்ட் கழன்றது, ஸ்பேனர் உள்ளே விழுந்தது, அதைத் தேடியதிலேயே பொழுது போச்சு, புதன்கிழமை உதிரிபாகக் கடையிலிருந்து வந்த புது மோட்டார் வேறு ஏதோ வண்டிக்கானது, அதை மாற்றப் போனால் கடைக்காரர் பல்வலி என்று கடையை அடைத்துவிட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நான் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவரும் சளைக்காமல் ஒரு மணி நேரம் என்றே சொன்னார். பேசாமல் ஒரு டாக்ஸியைக் கூப்பிடுங்கள் என்று உங்கள் மாமியார் போனில் நச்சரித்தாள். மாப்பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு என்று கத்தினேன்.

வியாழன் காலை கடை திறந்ததும் சரியான மோட்டாரை வாங்கி வந்து, 10.35க்கு மாட்டி முடித்தார். நான் டைரியை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, நாற்பத்தெட்டு மணி இருபது நிமிஷம் ஆச்சே, இதுவா ஒரு மணி நேரம் என்று கேட்டேன். மனுஷன் அசரவில்லை.

"நான் சொன்னது ஸ்பேனர் கையில இருக்கற நேரம் சார். கூட்டிப் பாருங்க."

ஸ்பேனரை எடுத்த நேரம், வைத்த நேரம் எல்லாம் குறித்திருந்தேன். கூட்டினேன். ஐம்பத்தெட்டு நிமிஷம். நான் இன்னொரு தரம் கூட்டிக்கொண்டிருந்தபோது அவரே சீட்டில் ஏறி ஸ்டார்ட் செய்தார். வண்டி உறுமியது. அணைக்காமலே வாங்கிக்கொண்டு பறந்தேன். 10.58க்கு ஆஸ்பத்திரி வாசல். இனிமேல் வண்டி விஷயத்தில் நீங்கள் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

கடல் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளட்டும். குழந்தைக்கு உங்கள் மூக்கு. அதற்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: மீதியையும் எழுதினால்தான் தபாலில் போடுவேன் என்று மகள் பக்கத்தில் நிற்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் ஏறியதும் சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்பா, கிளட்சை மிதிச்சாதான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். மிதிச்சீங்களா?" என்றாள் பின்சீட்டிலிருந்து.

என் பழைய வண்டிக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. மிதித்தேன். ஸ்டார்ட் ஆனது. ஆகவே பழைய மோட்டாருக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், தையல் வலிக்குதுப்பா என்று சொல்லிக்கொண்டே வீடு வரும்வரை சிரித்தாள். அதற்காக ஒரு மோட்டார் போனால் போகட்டும். மெக்கானிக்கிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். அவர் தொழில் தெரியாத ஆள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.