கண்ணை மூடிக்கொண்டு மலை இறங்கிய கதை

"டென்ஷன் ஆகாதீங்க" என்று யாரோ சொல்லி டென்ஷன் குறைந்த மனிதன் ஒருவனைக்கூட நான் கண்டதில்லை. எனக்கு அதைச் சொன்னவர் நாமக்கல் கண் மருத்துவர். கண்புரை ஆபரேஷனுக்காகக் கொல்லிமலையிலிருந்து இறங்கிப் போன என்னை, பிரஷர் அதிகம் என்று இரண்டாவது முறையாகத் திருப்பி அனுப்பினார்.

எனக்குத் தொழில் மிளகும் காப்பியும். பொழுதுபோக்கு, இந்த மலைக்கு எது எந்த வருஷம் வந்தது என்று தேடிப் படிப்பதும், தப்பாகச் சொல்பவர்களைத் திருத்துவதும். (இதில் ஓய்வே கிடையாது.) அப்படிப்பட்டவன் பேப்பர் தலைப்பையே எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் நடக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

"எனக்கு என்ன டென்ஷன்?" என்று வீட்டில் கேட்டேன்.

"ஏனுங்க, அதையே கொஞ்சம் கத்தாமக் கேளுங்க. பக்கத்து ஊட்டு நாய் குலைக்குது" என்றாள் என் மனைவி சரோஜா.

செம்மேட்டில் ஹிப்னாடிச சிகிச்சை முகாம் என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துப் போனதும் அவள்தான். தை பிறந்து முதல் புதன்கிழமை.

வெளியூரிலிருந்து வந்த நிபுணர் வெள்ளைப் பேன்ட்டும் வெண்ணெய்க் குரலுமாக இருந்தார். புலி துரத்தினால் உடம்பு எப்படிப் படபடக்குமோ, அப்படியேதான் சின்னக் கவலைக்கும் படபடக்கிறதாம். புலி போய்விடும், கவலை போகாது. அதனால் பிரஷரும் இறங்காது. "மனசு கற்பனை பண்றதை உடம்பு நிஜம்னே நம்பிடும். அதனால நல்லதா கற்பனை பண்ணுவோம்" என்றார். மறுக்க ஒன்றுமில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஜமக்காளத்தில் வரிசையாகப் படுத்துக் கண்ணை மூடினோம். மனுஷன் ஒரு கடற்கரையைக் காட்டியிருக்கலாம், பூந்தோட்டத்தைக் காட்டியிருக்கலாம். உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளூர் உதாரணம் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ!

"நீங்க இப்போ பஸ்ல கொல்லிமலை இறங்குறீங்க. மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் உடம்பு சாயுது... மனசு லேசாகுது..."

நான் கேட்கிறேன், அந்த ரோட்டில் பஸ்ஸில் இறங்கும்போது எவனுக்கு ஐயா மனசு லேசாகும்? வயிறுதான் லேசாகும்! கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் நான் பஸ் ஏறிய நாளே கிடையாது.

ஆனால் அவர் குரல் வேலை செய்தது. ஏழெட்டு வளைவுக்குள் என் கை முன் சீட்டுக் கம்பியைத் தேடியது. டீசல் வாசம்கூட வந்தது. பக்கத்தில் படுத்திருந்தவர், "அம்மிணி, எலுமிச்சங்கா வச்சிருக்கியா?" என்று முனகினார்.

"நல்லா சாயுங்க... இன்னும் ஆழமா..." என்று நிபுணர் என் மேல் குனிந்தார்.

"வண்டிய ஓரங்கட்டுங்க!" என்று அலறினேன்.

ஓரங்கட்டவில்லை. காலையில் தின்ற இட்லி முழுவதும் அந்த வெள்ளைப் பேன்ட்டில் இறங்கியது. பஸ்ஸில் ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று உங்களுக்கே தெரியும். கூடம் முழுவதும் அதுவே நடந்தது. "யாரும் டென்ஷன் ஆகாதீங்க!" என்று நிபுணர் தொண்டை கிழியக் கத்தினார். (அப்போது அவருக்கல்லவா பிரஷர் பார்த்திருக்க வேண்டும்?)

மூன்றாவது முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றினாள். சரோஜா சும்மா இருப்பாளா? அவளிடம் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"கண்ணத் தொறக்காமயே கண்டக்டரக் கூப்புட்டு, சன்னல் சீட்டு வேணும்னு சண்டை போட்டாருங்க கண்ணு!"

பச்சைப் பொய்! நான் கண்டக்டரைக் கூப்பிடவே இல்லை. திருத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

"பேசாதீங்க சார், பிரஷர் ஏறிடும்" என்றாள் நர்ஸ்.

கண் முக்கியமா, உண்மை முக்கியமா? வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பொய் முழுவதையும் கேட்டு முடிக்கும்வரை மூச்சை மெல்ல மெல்ல விட்டேன். பிரஷர் சரியாக இருந்தது. ஆபரேஷனும் நடந்தது.

விளைவு, கண்டக்டர் எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டார். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார். மறுத்துப் பார்த்தேன், "அன்னைக்கு நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே" என்று நர்ஸைச் சாட்சிக்கு இழுக்கிறாள் சரோஜா.

போன வாரம் மகள் வயிற்றுப் பேத்தி கேட்டாள்: "அப்புச்சி, கடைசில அந்தக் கண்டக்டர் சன்னல் சீட்டு குடுத்தாருங்களா?"

"இல்ல சாமி" என்றேன். "கடைசி வரைக்கும் குடுக்கவே இல்ல."

அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.