பூட்டுக்கு நோகாத பேச்சுவார்த்தை

உலக சமாதானம் ஜெனிவாவில் காப்பாற்றப்படுவதாகப் பத்திரிகைகள் எழுதுவது பெரும் பிழை. அறுபத்து நாலாம் வருஷக் கோடையில் அது செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, காப்பிக் கிளப்பின் மாடியில், சமாதானக் கமிட்டித் தலைவர் விநாயகத்தால் காப்பாற்றப்பட்டது.

பெரிய தெருப் பொதுக்கிணற்றின் கம்பிக் கதவுக்குக் காண்டிராக்டர் கன்னியப்பன் பூட்டுப் போட்டிருந்தார். சாவி பெரிய தெருவாருக்கு மட்டும். காலனி ஜனங்கள் வாளியைத் தொட்டால் தண்ணீரின் 'கௌரவம்' கெட்டுவிடுமாம். காலனி இளைஞர்கள் கடப்பாரையோடு கிளம்பினார்கள். விநாயகம் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"பேசித் தீராத விஷயம் உலகத்துல இன்னா இருக்குது?"

கடப்பாரை தாழ்ந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

முதல் சுற்றில், காலனி சார்பில் வந்த மீனம்பாள் எங்கே உட்காருவது என்று ஆலோசித்தார்கள். நாற்காலி என்றால் கன்னியப்பன் எழுந்து போவார். பாய் என்றால் அவள் போவாள்.

"நான் நின்னுக்கினே பேசறேன் சார். பூட்ட எப்போ எடுப்பீங்க?"

"அவசரப்படாதம்மா. மொதல்ல அதுக்குப் பேரு பூட்டு இல்ல. 'தற்காலிகப் பாதுகாப்பு ஏற்பாடு'. அப்டிச் சொன்னாத்தான் அவரு மனசு நோகாது."

கன்னியப்பன் மனம் நோகாமல் போண்டா சாப்பிட்டார்.

அடுத்த சுற்றில் நல்லெண்ணம் நிலவியது. அதற்கும் அடுத்ததில் 'பரஸ்பரப் புரிதல்' ஏற்பட்டது. அதாவது, பூட்டுப் போட்டது ஏன் என்று மீனம்பாள் புரிந்துகொள்ள வேண்டியது. அவள் புரிந்துகொண்டாள் என்பதைக் கன்னியப்பன் புரிந்துகொள்வார்.

இதற்கிடையே காலனிப் பெண்கள் கோட்டையடிக் குளத்தில் பாசியை விலக்கித் தண்ணீர் மொண்டார்கள். மீனம்பாளின் மகள் வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விநாயகம் சாத்துக்குடியோடு போனார். குழந்தையின் உலர்ந்த உதட்டைப் பார்த்ததும் தாமே ஒரு பழத்தைப் பிழிந்து ஊட்டினார். ஆனாலும் கடமை தவறவில்லை.

"இந்தச் சேதி பசங்களுக்குத் தெரிய வேணாம்மா. கலாட்டா ஆயிடும். பேச்சு நல்லாப் போயிக்கினு இருக்குது."

"உங்க வூட்ல கெணறு இருக்குதா சார்?"

"கொல்லையில இருக்குது. ஏன்?"

"சும்மாக் கேட்டேன்."

குழந்தை எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஐப்பசியில் மழை கொட்டிக் குளம் நிரம்பியது. பிரச்சினை 'இயற்கை முறையில்' தீர்ந்ததாகக் கமிட்டி தீர்மானம் போட்டது. பூட்டு மட்டும் நனைந்துகொண்டே தொங்கியது.

விநாயகத்துக்குக் கன்னியப்பன் செலவில் பாராட்டு விழா.

"ஒரு அடிதடி உண்டா? ஒரு கேஸ் உண்டா?" என்று மைக்கில் முழங்கினார் கன்னியப்பன். இரு தரப்பும் மெச்சியதற்குச் சாட்சியாக மீனம்பாளை மேடையேற்றினார்கள். அவள் மாலை போட்டுவிட்டு மைக்கைப் பார்த்தாள்.

"ஐயா மட்டும் குறுக்க வரலைன்னா அன்னைக்கே சண்ட வந்திருக்கும்."

கைதட்டல் வானைப் பிளந்தது. விநாயகம் கண் கலங்க, இடுப்பு வளைத்துச் சபையைக் கும்பிட்டார்.

"அன்னைக்கே தண்ணியும் வந்திருக்கும்" என்றாள் மீனம்பாள்.

குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று.