நார்வே ரசிகர்

இனிமேல் உலகத்துக்கு உதவுவதில்லை என்று தனபாலன் அன்று காலை முடிவெடுத்தார்.

உலகம் கலங்கவில்லை. அவர் உதவிக்கொண்டிருந்ததே அதற்குத் தெரியாது.

மலேசியாவின் மலாக்காவில், பத்து பெரண்டாம் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் அவர் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளர். வீட்டுக்கு வந்துவிட்டால் வேறு ஆள். இலவச மென்பொருள்களின் மூல நிரலை இணையத்திலிருந்து இறக்குவார். அதை ஏஎம்டி புரோசசருக்கென்றே கம்பைல் செய்து, ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றுவார். அப்படிச் செய்த பில்டை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓர் இணைய மன்றத்தில் போட்டுவைப்பார். மற்றவர்கள் போடுவது ரெடிமேட் சட்டை. எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஏறும், எதற்கும் ஒழுங்காகப் பொருந்தாது. தான் போடுவது அளவெடுத்துத் தைத்த சட்டை. இதை மனைவி கோமளாவுக்குச் சாப்பாட்டு மேசையில் விளக்குவார். குழம்பில் தொடங்கினால் மோர் வரும்வரை விளக்குவார்.

“சரி, அந்தச் சட்டைய யாரு போட்டுக்கிறா?” என்று கோமளா ஒருநாள் கேட்டாள்.

அதுதான் வலித்தது. யாரும் போட்டுக்கொள்ளவில்லை. பில்டை இறக்கிக்கொண்டவர் உலகத்திலேயே தனபாலன் ஒருவர்தான். அதுவும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் இதை எதற்காகச் செய்கிறான்? புகழுக்கா? புகழ் வந்து கதவைத் தட்டவில்லை. சேவையா? வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத சேவைக்கு என்ன பெயர்? கண்ணாடி முன்னால் முகம் மழிக்கும்போதெல்லாம் இப்படி யோசித்து யோசித்து, தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

“கோமளா, இந்த பில்ட் போடுற வேலைய இன்னையோட நிறுத்திட்டேன்.”

கைதட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நிறுத்திட்டீங்களா? யாரைக் கேட்டு?”

“யாரைக் கேக்கணும்? இனிமே பின்ரூம் சூடாகாது. ஃபேன் சத்தம் இருக்காது. நீ நிம்மதியா இரு.”

கோமளா ஜன்னல் வழியே பார்த்தாள். அவர்கள் குடியிருந்த புக்கிட் பெருவாங்கில் மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஆயர் குரோ பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. பிறகு பின்னறைப் பக்கம் பார்த்தாள். கம்பைல் ஓடினால் அந்த அறை அடுப்படியாகிவிடும். கம்ப்யூட்டருக்குப் பின்னால், அனல் வீசும் இடமாகப் பார்த்து, அவளுடைய வடகமும் மோர் மிளகாயும் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருந்தன. அந்தக் குடியிருப்புத் தாமானில் பாதி வீடுகளுக்கு அவள் கை வடகம்தான்.

“மதர்போர்டுல மோர் வாசம் ஏறுது” என்று அவர் முன்பு ஒருமுறை முறையிட்டதுண்டு.

“மோர் குளிர்ச்சி. அதுக்கு நல்லதுதான் லா” என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

இப்போது அவள் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். “நல்லா யோசிச்சுக்கோங்க” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை மன்றத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் ஃப்ரோஸ்டி. நாடு நார்வே. அழகான ஆங்கிலம். “ஐயா, உங்கள் பில்டைப் போல வேகமான ஒன்றை நான் கண்டதில்லை. புதிய பதிப்பையும் தயவுசெய்து செய்து தருவீர்களா? இன்றே தொடங்கினால் உதவியாக இருக்கும்.”

தனபாலன் அதை மூன்று முறை படித்தார். சட்டைக்குப் பொத்தான் போடாமலேயே பின்னறைக்கு ஓடினார். புரோசசரின் எல்லா கோர்களையும் முடுக்கிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார். வெளியே கொட்டுகிற மழை. அவருக்கு மட்டும் வசந்தம்.

மாலையில் பில்டை ஏற்றினார். அடுத்த செய்தி வந்தது.

“மிக்க நன்றி. ஆனால் மதியத்துக்குள் முடிந்துவிட்டதோ? அவசரமாகச் செய்த பில்டில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒருமுறை கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்து, தடுக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து கம்பைல் செய்யும் முறை உண்டல்லவா? அப்படிச் செய்யுங்கள். நிதானமாக. நாள் முழுக்க ஓடினாலும் பரவாயில்லை.”

தனபாலனுக்குக் கண் கலங்கியது. இந்த முறையைப் பற்றிப் பேச ஒரு ஆள்! இத்தனை காலமும் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே தனியாகப் பேசிக்கொண்டிருந்த விஷயம்!

அதன்பின் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஓயவில்லை. நார்வேக்காரருக்கு ஒன்று முடிந்தால் இன்னொன்று வேண்டியிருந்தது. படம் திருத்தும் மென்பொருள் முடிந்து வீடியோ, வீடியோ முடிந்து பிரவுசர். பிரவுசர் என்றால் காலையிலிருந்து மாலைவரை அனல்.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தேவமலர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

“கோமளாக்கா! எங்க வீட்டுல துணியே காய மாட்டேங்குது. உங்க வடகம் மட்டும் எப்படிக்கா கலகலன்னு காயுது?”

“எல்லாம் உங்க அண்ணன் புண்ணியம்!”

“அண்ணனா? அவரு வடகமெல்லாம் போடுவாரா?”

“போட மாட்டாரு. ஆனா அவரு இல்லாம காயாது.”

உள்ளே உட்கார்ந்திருந்த தனபாலனின் காதில் இது விழுந்தது. மனைவி வெளியாரிடம் தன்னைப் பாராட்டுகிறாள். புகழ் வந்தால் எல்லாப் பக்கமும் சேர்ந்து வரும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது அவளாகவே கேட்டாள்.

“அந்த நார்வேக்காரர் எப்படிப்பட்ட ஆளு?”

“பெரிய அறிவாளி. எழுத்துலயே தெரியுது.”

“அப்படியா?” கோமளா அவர் தட்டில் இன்னொரு வடகம் வைத்தாள். “ரொம்பப் படிச்சவரோ?”

“படிச்சா மட்டும் போதுமா? மனசு வேணும். என்னைப் புரிஞ்சுக்கிட்ட ஒரே ஆளு அவருதான்.”

“கட்டின பொண்டாட்டிகூடப் புரிஞ்சுக்கல, இல்ல?”

“கோவிச்சுக்காத. உனக்கு இதெல்லாம் எங்க ஏறப்போகுது?”

“ஆமா, ஆபீஸ்ல கிளார்க்கா டைப் அடிச்சே காலத்த ஓட்டிட்டேன். எனக்கு என்னா தெரியும்?” என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அது அவருக்கே ஆச்சரியம்.

பிறகு மழை விட்டது. மலாக்கா முழுக்க வெயில் பளீரென்று அடித்தது. தனபாலன் அதுவரை செய்ததிலேயே சிறந்த பில்டை மன்றத்தில் ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்.

பதில் இல்லை.

மறுநாளும் இல்லை. “நலமா?” என்று எழுதினார். பதில் இல்லை. “என் பில்டில் ஏதும் பிழையா?” என்று எழுதினார். அதற்கும் இல்லை. எங்கே தவறினோம்? கம்பைல் கட்டளையில் ஒரு ஃபிளாக்கைக் கூடுதலாகப் போட்டுவிட்டோமா? இடையில் ஒருமுறை வயதைக் கேட்டது தப்பா? ஒருவேளை அந்த மனுஷன் வேறு கம்பெனி புரோசசருக்கு மாறிவிட்டாரோ? அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய துரோகமாகப் பட்டது. இருந்த ஒரு ஆளும் போய்விட்டால் இனி யாருக்காகக் கம்பைல் செய்வது?

தாங்க முடியாமல் வெளியே வந்தார். கோமளா முற்றத்தில் பாய் விரித்து மோர் மிளகாயைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கோமளா, அவரு என்னை மறந்துட்டாரு.”

“யாரு?”

“நார்வேக்காரர்தான். என்ன எழுதினாலும் பதிலே இல்ல. இனிமே அவரு கேக்கவே மாட்டாரு.”

கோமளா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மிளகாயை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். மொறுக்கென்று ஒடிந்தது.

“அதான் நல்லா வெயில் அடிக்குதுல்ல? மழை வரட்டுங்க, நானே கேக்கிறேன்.”