சூடு சீட்டும் ஐந்து லிட்டர் பாலும்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அய்யாவு அவர்களுக்கு,

பத்து பாகாட் டவுனிலிருந்து உங்கள் தங்கை புருஷன் சுகுமாறன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். அங்கே சாஆ ஊரில் நீங்களும் செல்வராணி அக்காவும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். உங்கள் தங்கை யோகேஸ்வரி உங்கள் வீட்டில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று கேள்விப்பட்டேன். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போன் போட்டால் நீங்கள் ஸ்பீக்கரில்தான் பேசுகிறீர்கள். நான் "மச்சான்" என்றதுமே பின்னால் சட்டி பானை உருளும் சத்தம் கேட்கிறது. அவள் போய் இன்றோடு பதினோரு நாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. இன்று காலையில் மட்டும் ஆறு தடவை கேட்டைத் திறந்து ரோட்டைப் பார்த்தேன். எதிர்வீட்டு மலாய்க்காரம்மா, நான் பூனையைத் தேடுகிறேன் என்று நினைத்து, பாவம், அவரும் சேர்ந்து தேடினார். என் வீட்டில் பூனையே கிடையாது.

கோயிலில் நீங்கள் பார்த்தது கடைசிப் பத்து நிமிடம் மட்டும். முன்கதையையும் கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள். நான் துணி ஃபேக்டரியில் முப்பது வருடம் நீராவி இஸ்திரிக்கு முன்னால் நின்று வெந்தவன், காரில் ஏறினால் ஏர்கான் முழு வேகத்தில் ஓட வேண்டும்; அவளோ அதே ஃபேக்டரியில் தையல் மெஷினில் குனிந்தே இருபத்தெட்டு வருடம் கழித்தவள், குளிர்காற்று பட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவள் குறைப்பாள், நான் கூட்டுவேன், இப்படியே நாலு கார் மாற்றிவிட்டோம். போன மாதம் சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஷர்மினி போனில் ஒரு படம் காட்டினாள். பனி கொட்டும் நாடுகளில் கார் சீட்டுக்கு அடியில் சூடேற்றும் மெத்தை வைக்கிறார்களாம், தனியாகவும் வாங்கி மாட்டலாமாம். எனக்கு அங்கேயே ஞானம் பிறந்துவிட்டது. என் ஏர்கானும் குறையாது, அவள் இடுப்பும் குளிராது. ஒர்க்‌ஷாப் சீனப் பையன் ஆ ஹோக் சீட்டு உறையைக் கழற்றும்போதே, "அங்கிள், சினி பானாஸ் லா!" என்று தலையில் கை வைத்தான். இங்கே வெயில் அடிக்கிறது என்று, அறுபத்து மூன்று வருடமாக இதே வெயிலில் காய்கிற எனக்குச் சொல்கிறான்! தெரியும், நீ மாட்டு என்றேன். முதல் வாரம் அவளுக்கே பிடித்துப்போயிற்று மச்சான். "ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்குங்க" என்று அவள் வாயாலேயே சொன்னாள். வண்டியைக் கிளப்பும் முன்னே அவள் பக்கத்துப் பட்டனைத் தட்டிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்தது.

பிறந்த எஸ்டேட்டுக் கோயிலில் பால்குடம் எடுப்பதாக அவள் இடுப்பு வலிக்கு வேண்டிக்கொண்டது உங்களுக்கே தெரியும். பங்குனி உத்திரத்தன்று விடியலில் கறந்த பால், ஐந்து லிட்டர், எவர்சில்வர் தூக்கில். சாமிக்குப் போகும் பாலைக் கால்படும் இடத்தில் வைக்கக் கூடாது, செருப்புக் கிடக்கும் காரின் பின்பெட்டியிலும் வைக்கக் கூடாது என்று முன்சீட்டில் ஏற்றி, அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டு, அவள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பால் கெட்டுவிடக் கூடாதே என்று நான் ஏர்கானை முழுதாக வைத்தேன். கை தன் பாட்டுக்குப் பட்டனையும் தட்டிவிட்டது. எஸ்டேட் இருக்கும் காஹாங் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல், வழியெல்லாம் ஜாம். "ஏங்க, குளிருதுங்க, கொஞ்சம் கொறைங்களேன்" என்று பின்னாலிருந்து கேட்டாள். "பாலுக்காகத்தான் வச்சிருக்கேன், சும்மா வா" என்று அதட்டினேன். மேலே குளிர், கீழே அடுப்பு, நடுவில் பால்.

அப்புறம் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். பூசாரி மூடியைத் திறந்தார், முகர்ந்தார், "அம்மா, இது பாலபிஷேகத்துக்கு ஆகாது. இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருந்தா தயிரபிஷேகத்துல சேத்துக்கலாம்" என்றார். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். "எல்லாம் ஒரே மாட்டோடதுதானே" என்றேன். நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவள் மச்சான் அவள்! நீங்கள் கடைக்கு ஓடி வாங்கி வந்த பெட்டிப் பாலைக் குடத்தில் ஊற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சுமந்தாள். இறக்கி வைத்த கையோடு உங்கள் காரில் ஏறிவிட்டாள்.

தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்த மெத்தையை நேற்றே பிய்த்து எறிந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். ஆனால் நானாக வந்து கூப்பிடமாட்டேன். எனக்கும் மானம் ரோஷம் உண்டு. பெரியவராக நீங்கள் நாலு வார்த்தை பக்குவமாகப் பேசி பஸ் ஏற்றிவிட்டால், ஸ்டேஷனில் தற்செயலாக நிற்பதுபோல் நிற்பேன். அவள் இல்லாமல் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த ஒரு வரியை மட்டும் அவளிடம் படித்துக் காட்டிவிடாதீர்கள்.

செல்வராணி அக்காவுக்கு என் வணக்கங்கள். உங்கள் குடும்பத்துக்கு முருகன் எப்போதும் துணை இருப்பான். என்னைப் பற்றி அவன் இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
சுகுமாறன்

பி.கு.: தபாலில் போட்டால் வந்து சேர நாலு நாள் ஆகும் என்றார்கள். அத்தனை நாள் தாங்காது என்று நானே கொண்டுவந்துவிட்டேன். உங்கள் கேட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மானம் ரோஷம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். மெத்தையையும் கழற்றவில்லை, மனசு வரவில்லை. ஹாரன் அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் துணிப்பையோடு வெளியே வந்துவிட்டாள். எத்தனை நாளாகக் கட்டி வைத்திருந்த பையோ தெரியவில்லை. நான் இறங்கி முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். ஏறிவிட்டாள் மச்சான், அது போதும். "யாருக்கு எழுதிக்கிட்டு இருக்கீங்க இப்ப? வண்டிய எடுங்க" என்கிறாள். இதைக் கேட்டில் செருகிவிட்டு எடுக்கிறேன்.