ஒண்ணுமில்ல டாக்டர்

நோயாளிகளில் ஒரு வகை உண்டு. டாக்டரைக் கண்டதும் தனக்கு இருக்கிற நோயோடு பக்கத்து வீட்டுக்காரருக்கு இருக்கிற நோயையும் சேர்த்துச் சொல்லும் வகை. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் எப்படியும் நன்றாக இருப்பார்கள். நான் உங்களுக்குக் காட்டப் போவது நேர் எதிரான இனம். டாக்டரின் அறைக்கு வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, மருத்துவமனையின் மின்விசிறி முதல் மருந்துச் சீட்டு வரை ஒன்று விடாமல் கிழித்துத் தோரணம் கட்டுவார். அறைக்குள் போனதும், "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டால், "ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்" என்பார். மூன்றாவது நிமிடம் வெளியே வந்து, "என்ன வைத்தியம் பாக்கறாங்க? நமக்கு என்னன்னு கண்டுபிடிக்கவே தெரியல" என்று அங்கலாய்ப்பார்.

இந்த இனத்தைத் தனித்தனியாக எங்கேயும் பார்க்கலாம். கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போய் உட்காருங்கள். அங்கே மூன்றாவது பெஞ்சில், முதுகு சாயாமல், மடியில் ஆஸ்பத்திரிக் கோப்பு ஒன்றை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஒருவர் இருப்பார். அவர்தான் சார்ஜெண்ட்.

சீட்டுக் கொடுக்கும் ஜன்னல் ஒன்பது மணிக்குத் திறக்கும். சார்ஜெண்ட் ஏழு மணிக்கே ஆஜர். நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆய்வுக்கு. கூடத்தில் எட்டு மின்விசிறி, ஓடுவது ஐந்து. சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் பின்னால். எடை பார்க்கும் எந்திரம் காலியாக இருக்கும்போதே இரண்டு கிலோ காட்டுகிறது. குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் டம்ளர் இல்லை. போன வாரம் இருந்தது, சங்கிலியோடு. இந்த வாரம் சங்கிலி மட்டும் இருக்கிறது. அத்தனையும் ஆணியில் தொங்கும் புகார்ப் புத்தகத்தில் ஏறும், கீழே பதவி, படை எண், தேதி, மணியோடு கையெழுத்து. அந்தப் புத்தகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவருடைய கையெழுத்துதான்.

நியாயமாகப் பேச வேண்டும். அவர் எழுதிப் பலனும் கிடைத்திருக்கிறது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வந்தது அவரால். காது கேளாதவர்களுக்கு எண்ணைப் பலகையில் காட்டும் ஏற்பாடு அவரால். "நோயாளியோட மாமன் மச்சான் எல்லாம் டாக்டர் ரூம்ல நுழைஞ்சு கூட்டம் போடறாங்க" என்று அவர் எழுதிய பிறகுதான் கதவில் 'நோயாளி மட்டும்' என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டினார்கள். அந்தப் பலகையைக் கடந்து இன்றுவரை உள்ளே போக முடியாமல் தவிப்பவர்களில் முதல் ஆள் அவருடைய மனைவி.

அந்த அம்மாளுக்கு ஒரே கவலை, சார்ஜெண்டின் இடது கால். பதினோரு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. உள்ளங்கால் மரத்துப் போய் இரண்டு வருஷமாகிறது. சுடுதரையும் தெரியாது, முள்ளும் தெரியாது. ஒரு மாதத்துக்கு முன் செருப்பின் அடியில் ஒரு ஆணி தலை நீட்டி, குதிகாலைத் துளைத்திருக்கிறது. அதை அவர் அறியவே இல்லை. மனைவிக்குத் தெரிந்தது சாக்ஸ் ஊறவைத்த வாளித் தண்ணீர் நிறம் மாறியபோதுதான். அன்றைக்கே ஆணியைப் பிடுங்கினாள். புண் ஆறவில்லை.

"ஏங்க, இத டாக்டர்கிட்ட காட்டணும்."

"செருப்புக் கடி. தானா ஆறும்."

"டிரைவர் அண்ணனும் அப்படித்தான சொன்னாரு?"

டிரைவர் என்பது மூன்றாவது பெஞ்சில் சார்ஜெண்டுக்குப் பக்கத்து இடத்துக்காரர். ராணுவ லாரி ஓட்டியவர். செருப்புக் கடி என்று சொல்லிச் சொல்லியே இப்போது அவருடைய இடது காலில் மூன்று விரல்தான் பாக்கி. அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மாள் கணவனின் செருப்பைப் பார்ப்பாள்.

அதன் பிறகு மூன்று செவ்வாய்க்கிழமை போயாகிவிட்டது. மூன்று முறையும் சார்ஜெண்ட் டாக்டர் முன்னால் குதிகாலோடு குதிகால் சேர்த்து நின்றார். இளம்பெண் டாக்டர். வெளியே அறுபது பேர். கண் திரையில், கை விசைப்பலகையில். "கால் கை எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல டாக்டர்." அதையே தட்டெழுதிவிட்டு மாத்திரையை நீட்டினாள்.

வீம்பா இது? அப்படி நினைத்துவிடாதீர்கள். முப்பது வருஷப் பயிற்சி. வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய அதிகாரி வந்து வரிசை முன்னால் நடந்தபடி, "யாருக்காவது ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்பார். இருநூறு தொண்டை ஒன்றாக, "இல்லை சார்" என்னும். ஒரே ஒரு வருஷம், புதிதாகச் சேர்ந்த ஒருவன், "குழம்புல உப்பு இல்ல சார்" என்றான். அதிகாரி அவனைத் தட்டிக்கொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார். அவர் போன வாகனத்தின் தூசி அடங்குவதற்குள் அவன் மைதானத்தை ஆறு சுற்று ஓடிக்கொண்டிருந்தான். அந்தப் புதியவன்தான் பிற்காலத்தில் நம் சார்ஜெண்ட் ஆனான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யார் எது கேட்டாலும் அவர் வாய் தானாகவே பதில் சொல்லிவிடுகிறது.

நான்காவது செவ்வாய்க்கிழமைக்கு மனைவி ஒரு வழி செய்தாள். 'இடது குதிகாலில் புண், ஆறவில்லை, தயவு செய்து பாருங்கள்' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கோப்புக்குள் குண்டூசியால் குத்தி வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் சார்ஜெண்ட் கோப்பைச் சரிபார்த்தார்.

"இது யார் வச்சது?"

"நான்தான்."

"ஆஸ்பத்திரிக் கோப்புல ஆஸ்பத்திரிக் காகிதம்தான் இருக்கணும்." குண்டூசியைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காகிதத்தை நாலாக மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு வழக்கப்படி ஆய்வுக்குக் கிளம்பினார். ஜன்னல், எடை எந்திரம், அறிவிப்புப் பலகை, குழாய் என்று ஒரு சுற்றுப் போய்விட்டுப் பெஞ்சுக்குத் திரும்பியவர், வெள்ளைத் தரையைப் பார்த்துச் சட்டென்று நின்றார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு சிவப்புக் கறை. நாலடி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று.

"ரத்தம்" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு குஷியும் இருந்தது. ஓடாத மின்விசிறிகளையே எத்தனை நாள்தான் எழுதுவது?

தரை துடைக்கும் அம்மாவைக் கூப்பிட்டார்.

"இப்பத்தான் சார் துடைச்சேன். ஈரம்கூடக் காயல."

"அப்ப இது என்ன, குங்குமமா?"

அவருடைய மனைவி எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். கறையைப் பார்த்தாள். கணவனின் கறுப்புச் சாக்ஸைப் பார்த்தாள். செருப்பின் குதிகால் தேய்ந்து ஓட்டையாகிக் கிடந்ததைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? செருப்புக் கடி, தானா ஆறும், வா வீட்டுக்குப் போகலாம். வாயை மூடிக்கொண்டாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள்.

"எழுதுங்க. இத விடாதீங்க."

சார்ஜெண்ட் அசந்து போனார். கல்யாணமான நாளிலிருந்து அவருடைய புகார் எதற்கும் அவள் பேனா கொடுத்ததில்லை. உற்சாகமாகப் போய்ப் புத்தகத்தை ஆணியிலிருந்து கழற்றி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

'பொருள்: காத்திருப்போர் கூடத்தில் இரத்தக் கறை. கறை புதியது. இடது காலால் ஆனது. ஒரே சீரான இடைவெளியில் விழுந்திருப்பதால் சம்பந்தப்பட்டவர் நல்ல நடைப்பயிற்சி பெற்றவர் எனத் தெரிகிறது.'

இடது கால் என்று எழுதியதும் பக்கத்தில் திரும்பினார். "டிரைவர், காலைக் காட்டு."

டிரைவர் தூக்கிக் காட்டினார். "எண்ணிக்கோ சார்ஜெண்ட். நேத்து இருந்த மூணும் இருக்கு."

'இப்படிப்பட்ட ஒருவரைக் கவனிக்காமல் நடமாட விட்டிருப்பது இந்த மருத்துவமனையின் தரத்துக்கே இழுக்கு.'

"அவரை உடனே படுக்கையில சேர்க்கணும்னு எழுதுங்க" என்றாள் மனைவி.

எழுதினார்.

"வேண்டாம்னு அவரே சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு எழுதுங்க."

"ஏன் வேண்டாங்கப் போறான்?"

"சில பேர் சொல்லுவாங்க."

"இவ்வளவு ரத்தத்த வச்சுக்கிட்டா? அப்படியும் ஒரு முட்டாள் இருப்பானா?"

"இருப்பாங்க. எழுதுங்க."

எழுதினார். பதவி, படை எண், தேதி, மணி. கடிகாரம் பத்து நிமிடம் பின்னால் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு மணி போட்டார்.

அந்த வழியாக வந்த தலைமை நர்ஸ் அதை வாங்கி நின்றுகொண்டே படித்தாள். வழக்கமாக அவருடைய புகாரைப் படிக்கும்போது அவள் முகத்தில் ஒரு பொறுமை தெரியும். இன்றைக்கு அது இல்லை.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார். வாங்க, ஆளக் கண்டுபிடிப்போம்."

ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் தளபதியாகச் சார்ஜெண்ட், பின்னால் தலைமை நர்ஸ், துடைப்பானோடு அந்த அம்மா, நொண்டியபடி டிரைவர், வேலை வெட்டி இல்லாத ஏழெட்டு வீரர்கள். கறை ஜன்னலுக்குப் போயிருந்தது. எடை எந்திரத்துக்குப் போயிருந்தது. அறிவிப்புப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருந்தது. "படிக்கத் தெரிஞ்ச ஆளு" என்றார் சார்ஜெண்ட். குழாயடிக்குப் போயிருந்தது. அங்கிருந்து மூன்றாவது பெஞ்சுக்குத் திரும்பி, புகார்ப் புத்தகம் தொங்கும் ஆணிக்குப் போய், மறுபடி பெஞ்சுக்கே வந்தது.

"நம்ம பெஞ்சுலதான்யா இருக்கான்" என்றார் சார்ஜெண்ட்.

பின்னால் வந்த கூட்டம் முழுவதும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பினார். இப்போது அவர் நடந்து வந்த வழியில், ஒரே சீரான இடைவெளியில், புதிதாக ஒரு வரிசை வந்திருந்தது. கடைசிக் கறை அவருடைய இடது செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கையும் களவுமாக என்பார்கள். இவர் காலும் களவுமாகப் பிடிபட்டார். முதலில் அவருக்கு வந்தது வெட்கம். அடுத்து வந்தது பயம். இவ்வளவு ரத்தம் போயும் தனக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்ற பயம். டிரைவரின் காலைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க முயன்று மறுபடியும் பார்த்தார்.

"சிஸ்டர், இது சும்மா செருப்புக்..."

நர்ஸ் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். "'சம்பந்தப்பட்டவர் மறுத்தாலும் ஏற்கக் கூடாது.' இது உங்க கையெழுத்துதான சார்?"

முப்பது வருஷ சர்வீஸில் சார்ஜெண்ட் தன் கையெழுத்தைத் தன்னுடையதில்லை என்று சொன்னதே கிடையாது. சக்கர நாற்காலி வந்தது. அதிலும் அவர் முதுகு சாயாமல்தான் உட்கார்ந்தார். மனைவி சிவப்புப் பலகையைத் தாண்டி அவரோடு உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கக்கூடிய ஒரே ஆள் நாற்காலியில் இருந்தார்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு நிமிர்ந்தாள். "எலும்புக்குப் போகல. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும். மூணு தடவையும் கேட்டேனே சார்."

"கேட்டீங்க டாக்டர்."

"நானும் செருப்பைக் கழட்டச் சொல்லிப் பார்த்திருக்கணும்."

அடுத்த வாரம் முதல் சர்க்கரை உள்ள யாராக இருந்தாலும் செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத்தான் அவள் முன் உட்கார வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. அதை யாரும் எழுதிப் போட்டு வாங்கவில்லை. 'நோயாளி மட்டும்' பலகையை எடுக்க மட்டும் முறைப்படி ஒரு புகார் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் படுக்கையிலிருந்தே சார்ஜெண்ட் எழுதிக் கொடுத்தார். கூடவே வார்டின் ஜன்னல் கொக்கியைப் பற்றியும் இரண்டு வரி.

பன்னிரண்டாம் நாள் காலை டாக்டர் வார்டுக்கு வந்தாள். சார்ஜெண்டின் கட்டிலருகே நின்று, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். படுத்திருந்தவர் நிமிர்ந்தார். போர்வைக்குள் இரண்டு குதிகாலும் ஒன்றையொன்று தேடுவது தெரிந்தது. மனைவி மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"வலது காலுக்கு ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார். பிறகு போர்வையை விலக்கிவிட்டு, "இடது காலு... ரெண்டு வருஷமாவே எனக்கு எதுவும் தெரியல டாக்டர். அது பயமா இருக்கு."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுடைய மூன்று நிமிடம் இருபது நிமிடமாயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் அதைப் பற்றிப் புகார்ப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்.

சார்ஜெண்ட் தேறிவிட்டார். இப்போது நீங்கள். சிரித்துக்கொண்டே இதுவரை வந்துவிட்டீர்கள், சந்தோஷம். போன வாரம் வீட்டில், "ஏன் ஒரு மாதிரி நடக்கறீங்க? ஏன் படி ஏறினா நின்னு நின்னு வர்றீங்க?" என்று ஒருவர் கேட்டாரே, அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? நான் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கெதற்கு வம்பு. புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து ஒரு பத்தடி நடங்கள். நடந்துவிட்டு, ஒரு தடவை திரும்பித் தரையைப் பாருங்கள்.