மூத்த கடல்நாய்களுக்கு முன்னுரிமை இருக்கை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு நடந்த உருப்படியான காரியம் என்று ஒன்றைச் சொல்வதானால், கடல்நாய்கள் எந்த வயதில் எந்த இடத்தில் சாப்பிட வேண்டும் என்று உராகினை என்னும் எங்கள் ஊர் வகுத்துக் கொடுத்த திட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். ஹொக்கைடோ தீவின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நஷ்டம் உங்களுக்குத்தான்.

நான் ஊராட்சி அலுவலகத்தில் 'கடல்நாய் நல்லிணக்கப் பிரிவின்' துணைத் தலைவன். பிரிவில் நான் ஒருவன்தான். தலைவர் பதவியை இன்னும் நிரப்பவில்லை. தகுதியானவர் கிடைக்காமல் அல்ல, இரண்டாவது நாற்காலி கிடைக்காமல்.

நல்லிணக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் கரையோரமாகவே நீந்தி ஆற்றுக்குத் திரும்பும். அந்த வழியில் நங்கூரம் போட்டு நிலைவலை கட்டி வைப்போம். மீன் உள்ளே வரும். பின்னாலேயே கடல்நாயும் வரும். மீனின் தலையை மட்டும் தின்றுவிட்டு, உடலை நமக்கென்று மரியாதையாக விட்டுவைக்கும். தலையில்லாத மீனைச் சந்தையில் யாரும் சீண்ட மாட்டார்கள். சுடலாம் என்றால் சட்டம் கடல்நாயின் பக்கம். ஆகவே கையில் மிஞ்சியிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தோம். குழு அமைத்தோம்.

குழுத் தலைவர் இவாபுச்சி ஐயா. மீனவர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். கோயில் திருவிழாவுக்கும் அவரே. ஊரில் தலைவர் இல்லாத அமைப்பு ஒன்று இருப்பதாகத் தெரிந்தால் அவருக்கு அன்று தூக்கம் வராது. மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் அவரோடு பள்ளியில் படித்தவர்கள். அவர் பேசும்போது தலையாட்டுவார்கள், பேசாதபோது குறட்டை விடுவார்கள். கூட்டம் துறைமுக விடுதியில் நடக்கும். சுடுசோற்றின் மேல் சால்மன் சினையைக் குவித்துக் கொண்டுவருவார்கள். பிரச்சினையின் ஆழத்தை முதலில் நாக்கு உணர வேண்டும் என்பது தலைவரின் கொள்கை.

அறிவியல் இல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்று சப்போரோ நகரிலிருந்து கடல்நாய் ஆராய்ச்சியாளர் டாக்டர் உமேகியை வரவழைத்தோம். அந்த அம்மாள் கடல்நாய்களைப் பிடித்து, தலைமயிரில் சின்னக் கருவி ஒன்றை ஒட்டி, மறுபடி கடலில் விட்டார். ஓர் ஆண்டு முழுக்க அவை எங்கே போகின்றன, என்ன தின்கின்றன என்று பார்த்துவிட்டு, முடிவைச் சொல்லக் குழுவின் முன் நின்றார்.

"பெரிய ஆணுங்க கரையை விட்டு நகர்றதே இல்லை," என்றார். "வருஷா வருஷம் அதே பாறை, அதே வலை. உள்ள போற வழியும் தெரியும், வெளிய வர்ற வழியும் தெரியும்."

"அனுபவம்!" என்றார் இவாபுச்சி ஐயா. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பொண்ணுங்க அப்படி இல்லை. ரொம்ப தூரம் போய், ஆழத்துல முங்கி, தரையில கிடக்கிற ஆக்டோபஸைத் தேடிப் பிடிக்குதுங்க. இளசுங்களுக்குத்தான் எங்க சாப்பிடறதுன்னே தெரியலை. அங்கயும் இங்கயும் அலையும். கடைசியில பெரிசுங்க பின்னாடியே வலைக்குள்ள போகும். வெளிய வரத் தெரியாம மூச்சு முட்டிச் செத்துடும்."

"இந்தக் காலத்துப் பசங்களே அப்படித்தான்," என்று உறுப்பினர் சாகுமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"வழி இருக்கு," என்றார் டாக்டர். "வலை வாசல்ல கயிறால கட்டம் கட்டமாப் பின்னிடணும். சால்மன் நுழையும், பெரிய ஆணுங்க உடம்பு நுழையாது. அதுங்க போகலைன்னா இளசும் பின்னாடி போகாது."

தலைவர் சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"பெரியவங்களை வாசல்ல நிறுத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டார் தலைவர். "இந்த ஊர்ல வயசுக்கு ஒரு மரியாதை இருக்கு, டாக்டர்."

அந்த நொடியில்தான் அவருக்குத் திட்டம் உதித்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்த பாக்கியசாலி. ரயிலில் முதியோருக்கு முன்னுரிமை இருக்கை இருக்கிறதல்லவா, கடலில் ஏன் இருக்கக்கூடாது? கரையோரக் கடல், மூத்த ஆண் கடல்நாய்களுக்கு. ஆழ்கடல், பெண் கடல்நாய்களுக்கு. 'அவர்களின் தன்னம்பிக்கையைப் பாராட்டும் வகையில்'. இளசுகளுக்கு முன்பதிவில்லாத பெட்டி, அதாவது இடம் கிடைத்தால் உட்காரலாம். கயிறு விஷயம் 'பின்னர் ஆராயப்படும்'. எங்கள் அலுவலகத்தில் பின்னர் என்பது மிக விசாலமான இடம். அங்கே போன எதுவும் நெரிசல் என்று திரும்பி வந்ததில்லை.

கடல்நாய்களுக்கு முறைப்படி அறிவிக்க வேண்டுமே. மிதவைகளில் பலகை கட்டினோம். வாசகத்தை நானே எழுதினேன்: "மூத்தோருக்கு இடம் தாருங்கள். தங்கள் ஒத்துழைப்புக்குத் தலைவணங்குகிறோம்." எந்தக் கடல்நாயும் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. இத்தனை சுமுகமாக நிறைவேறிய திட்டம் என் பணிக்காலத்தில் வேறில்லை.

ஆட்சேபம் மனித இனத்திலிருந்துதான் வந்தது. கவாராடா ஹொனாமி என்ற பெண், அப்பா இறந்த பிறகு அவருடைய வலையை எடுத்து நடத்திவந்தாள். ஊரிலேயே நல்ல இடம் அந்த வலைக்குத்தான். ஊரில் மிச்சமிருந்த இளவட்டம் எல்லாம் அவள் படகில்தான் வேலை செய்தார்கள். தங்கள் வலையை இழுத்து முடித்த கையோடு பெரியவர்களின் வலைகளையும் அவர்களே இழுத்துக் கொடுப்பார்கள். பெரியவர்கள் படகுத்துறையில் நின்று, எப்படி இழுப்பது என்று கற்றுக்கொடுப்பார்கள். உழைப்பில் இவ்வளவு நியாயமான பங்கீட்டை நான் கண்டதில்லை.

அவளைக் குழுவின் முன் கூப்பிட்டோம்.

"உன் வலை முன்னுரிமைப் பகுதியில நிக்குது, ஹொனாமி. எடுத்துடும்மா," என்றார் தலைவர்.

"உங்க வலையும் பக்கத்துலதானே ஐயா நிக்குது?"

"அது மூத்தோர் வலை. அந்தக் கடல்நாய்க்கும் எனக்கும் மனசு ஒத்துப்போகும்."

"நான் எங்க போறது?"

"ஆழ்கடலுக்குப் போ. பொண்ணுங்க அங்கதான் நல்லாச் சாப்பிடுதுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அறிவியல்மா! நாங்களா சொன்னோம்?"

டாக்டர் உமேகி எழுந்தே விட்டார். "நான் கடல்நாயைப் பத்திச் சொன்னேன்!"

"பெண் கடல்நாய்னுதானே சொன்னீங்க? அப்புறம் மாத்திப் பேசினா எப்படி?"

ஹொனாமி டாக்டரைக் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஐயா, அங்க நங்கூரம் தரையைத் தொடாது. வலை நிக்காது. இந்த இடம் போச்சுன்னா நான் படகை வித்துட்டு எங்கயாவது கல்லாப்பெட்டியில உக்கார வேண்டியதுதான். கடல் வேலை தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது."

"ஏன் டாக்டர், பெண் கடல்நாய் இப்படிச் சாக்குச் சொல்லுதா?"

"எங்கப்பா வலை அங்கதான் ஐயா நின்னுச்சு. முதல்ல வலை இறக்கினப்ப நீங்களே வந்து கொடி கட்டி வச்சீங்க."

"உங்கப்பா ஆம்பளைம்மா. அவருக்குப் பகுதி சரியாத்தான் இருந்துச்சு."

தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. சாகுமாவின் கையைப் பக்கத்தில் இருந்தவர் தூக்கிப் பிடித்தார். தூக்கம் கலையாமல் பார்த்துக்கொண்டார். ஏகமனதாக நிறைவேறியது. ஹொனாமியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் தாளைப் பார்த்துக் குனிந்து, 'மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்' என்று எழுதினேன். கடலில் ஓர் இடம் காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாக இராது என்பதால், அந்த இடத்தில் தன் இரண்டாவது வலையை இறக்கும் பாரத்தைத் தலைவரே சுமக்க முன்வந்தார்.

ஹொனாமி கல்லாப்பெட்டியில் உட்காரவில்லை. முனைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சோரபெட்சு மீனவர் சங்கம் அவளுக்குக் கரையோரமாகவே ஓர் இடம் கொடுத்தது. படகோடு போனாள். அவள் ஆட்களும் போனார்கள். டாக்டர் சொன்ன கயிற்றுக் கட்டத்தை முதல் வேலையாக வலை வாசலில் பின்னினார்கள் என்று கேள்வி. வழியனுப்பு விழா வைத்தோம். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் வரவில்லை என்றாலும் விழா சிறப்பாக நடந்தது. "பொண்ணுங்க தூரமாப் போகும்னு அறிவியல் சொன்னது நிரூபணம் ஆயிடுச்சு!" என்று தலைவர் முழங்கினார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

இலையுதிர் காலம் வந்தது. சால்மனும் வந்தது. தலைவரின் இரண்டு வலைகளும் பிதுங்கி நின்றன. பெரியவர்கள் வழக்கம்போல் படகுத்துறையில் கூடி, எப்படி இழுப்பது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்பதற்குக் கடல் மட்டும்தான் இருந்தது.

"கயிற்றைத் தளர்த்தி இழுக்கணும்!" என்றார் ஒருவர்.

"யாரு?" என்று கேட்டார் சாகுமா. அவர் ஒரு கூட்டத்திலும் இவ்வளவு விழிப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

அவரே இறங்கி ஒரு கயிற்றை இழுத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கதவைக் கழற்றி அதில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கிப்போனோம். வலைக்குள் இருந்த பெரிய ஆண் கடல்நாய் நிம்மதியாக ஒவ்வொரு தலையாகத் தின்று முடித்தது. 'மூத்த பயனாளிகளின் உடல்நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினேன். பாராட்டுக் கடிதம் வந்தது.

பனி விழத் தொடங்கிய பிறகு டாக்டர் உமேகி இரண்டாம் ஆண்டு முடிவுகளோடு வந்தார். அன்று விடுதியில் சினைச் சோறு இல்லை. உறுப்பினர்கள் கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றிக் காத்திருந்தார்கள். ஊருக்கு அந்த ஆண்டு விற்க மீன் இல்லை. அடுத்த ஆண்டு வலை கட்டவே ஆள் இல்லை. ஆனாலும் தலைவர் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கரையில மிஞ்சியிருக்கிறது வயசான ஆணுங்க மட்டும்தான்," என்று ஆரம்பித்தார் டாக்டர். "பொண்ணுங்க இல்லை. இளசுங்க இல்லை. கிடந்த இடத்தை விட்டு நகராதுங்க. அடுத்தவங்க பிடிச்சு வச்சதுல தலையை மட்டும் தின்னே பழகினதால, தானா இரை தேடவும் தெரியலை."

"அடப் பாவமே," என்றார் இவாபுச்சி ஐயா. "நாம இவ்வளவு செஞ்சும் கடல்நாய்ங்களுக்கு இந்தக் கதியா?"

"கடல்நாய்ங்க நல்லாத்தான் இருக்கு ஐயா. இந்த வசந்தத்துல பாறை நிறையக் குட்டி. நான் இந்த அறையைப் பத்திச் சொல்றேன்."

வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார். எங்கள் தலைவர் நிர்வாகி. நூடுல்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இந்த மாதிரிக் கூட்டத்துக்கு உங்க அறிவியல்ல பேர் ஏதாவது இருக்கா, டாக்டர்?"

"இருக்கு. அழிஞ்சுகிட்டிருக்கிற இனம்."

தலைவரின் முகம் மலர்ந்தது. எனக்குப் பேனாவை எடுக்கும்படி சைகை காட்டினார். "அப்போ பாதுகாப்பு மானியம் உண்டா?"

"உண்டு ஐயா," என்றார் டாக்டர் உமேகி, தன் பையை மூடிக்கொண்டே. "ஆனா அந்த இனத்தை அழிச்சவங்களுக்குத் தர்றதில்லை."